பத்து இருபத்தைந்து

பொலோஞாவில் பிறந்த யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேளுங்கள், ஒரே பதில்தான் வரும். ரயில் நிலையத்தின் வெளிச்சுவரில் இருக்கிற பெரிய கடிகாரம், 1980 ஆகஸ்டு இரண்டாம் தேதி குண்டு வெடித்து எண்பத்தைந்து பேர் செத்தபோது, காலை பத்து இருபத்தைந்தில் நின்றது. அன்றிலிருந்து இன்றுவரை அதன் முள் இம்மியும் நகரவில்லை. கையில் அடித்துச் சத்தியம் செய்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்களாவது சும்மா சொன்னார்கள். நான் வழிகாட்டி உரிம அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அதற்குச் சம்பளமும் வாங்கிக்கொண்டு, பன்னிரண்டு வருடம் சொன்னேன்.

என் பெயர் மொரேனா. பெரிய சதுக்கத்தில் கடல் தேவன் நீரூற்றடியில் ஆட்களைச் சேர்ப்பேன். பிணம் அறுத்துப் பாடம் நடத்திய பழைய மரக்கூடத்துக்குக் கூட்டிப்போவேன். அங்கே யாராவது ஒருவருக்குக் கட்டாயம் தலை சுற்றும், தண்ணீர் கொடுப்பேன். மெழுகு உடல்கள் இருக்கிற அருங்காட்சியகத்தில் மிச்சம் பேருக்குத் தலை சுற்றும். பிறகு இரட்டைக் கோபுரம். சாய்ந்துகொண்டே போகிறது என்று குட்டைக் கோபுரத்தைச் சுற்றி வேலி போட்டுவிட்டார்கள்; நான்தான் போய்ச் சாய்த்துவிட்டு வந்ததுபோல் வந்தவர்கள் என்னை முறைக்கிறார்கள். கடைசியில் ரயில் நிலையம். அவர்களுக்கு ஊர் திரும்ப வசதி, எனக்கும் வீடு பக்கம்.

ரயில் நிலையத்தைக் கடைசியில் வைத்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை. என் அம்மா லுவானாவைப் பற்றி என்னிடம் இருந்த ஒரே நினைவு அந்தக் கடிகாரத்தின் கீழேதான். 1991 மார்ச், எனக்கு ஐந்து வயது. இதயத்தில் வால்வு மாற்றுவதற்காக அம்மா மிலானுக்குப் போகிறாள். துணைக்கு அவள் தங்கை தில்வா சித்தி. அம்மாவின் கை என் கையைப் பிடித்திருக்கிறது, சூடான, கொஞ்சம் ஈரமான கை. நான் நிமிர்ந்து பார்க்கிறேன். மேலே கடிகாரம். பத்து இருபத்தைந்து, அசையாத முள். அவ்வளவுதான். மறுநாள் அறுவை சிகிச்சை மேசையிலேயே அம்மா போய்விட்டாள். அவள் முகம்கூட எனக்குப் படத்தில் பார்த்த முகம்தான். அந்தக் கை மட்டுமே நானாகச் சேர்த்து வைத்திருந்தது.

அன்றைக்கு அப்பா வழியனுப்ப வரவில்லை. அப்பாவின் பெயர் எர்மெஸ். அப்போது விலங்குகளின் எலும்புக்கூடுகளை வைத்திருந்த ஒரு அருங்காட்சியகத்தில் காவலராக இருந்தார். வேலையிலிருந்து நேராக ரயிலடிக்கு வருவதாகப் பேச்சு. வரவில்லை. அம்மா வீட்டார் அதை மன்னிக்கவே இல்லை. அம்மாவைப் பெற்ற தாத்தா சாகும்வரை அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கிறிஸ்துமஸ் அன்று மதியம் அப்பா என்னைத் தாத்தா வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போவார். சாயங்காலம் அதே வாசலில் வந்து, குளிரில் காது சிவக்க நிற்பார். உள்ளே வாருங்கள் என்று சொல்ல அந்த வீட்டில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

எனக்குப் பத்தொன்பது வயதானபோது நேருக்கு நேர் கேட்டுவிட்டேன், ஏன்ப்பா வரவில்லை என்று. அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"வந்தேம்மா. நீ உங்கம்மாவோடயும் சித்தியோடயும் முன்னாடியே போயிட்ட. நான் ஸ்டேஷன் சதுக்கம் வரைக்கும் வந்துட்டேன். மேல பாத்தா பத்து இருபத்தஞ்சு. அது செத்துப்போன கடிகாரம்னு அந்த நேரத்துல புத்தில உறைக்கல. இன்னும் நேரம் கிடக்கேன்னு ஒரு காபி குடிச்சேன். உள்ள போனா வண்டி போயிருச்சு, உன்ன டிக்கெட் கவுன்ட்டர்ல விட்டுட்டுப் போயிருக்காங்க."

இப்படியும் ஒரு மனிதனா என்று தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் மனசு லேசாகிவிட்டது. அப்பா அம்மாவைக் கைவிடவில்லை, வெறும் முட்டாள்தனம். முட்டாளோடு வாழ்ந்துவிடலாம். அதன் பிறகு எனக்குக் கோபம் வரும்போதெல்லாம் அந்தக் காபியைச் சொல்லித் திட்டுவேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்வார். வேறு யார் என்ன சொன்னாலும் நான் அவர் பக்கம் நின்றேன். இதெல்லாம் அந்த நின்றுபோன கடிகாரத்தை நம்பித்தான்.

போன வருடம் மே மாதம் உள்ளூர் ஓய்வூதியக்காரர்கள் சங்கத்திலிருந்து இருபது பேர் வந்தார்கள். வெளியூர்க்காரர்களை மேய்ப்பது சுலபம். சொந்த ஊர்க்காரர்கள் வழிகாட்டியைத் திருத்துவதற்கென்றே காசு கொடுத்து வருகிறவர்கள். மரக்கூடத்தில் மூன்று திருத்தம், கோபுரத்தடியில் ஐந்து திருத்தம். எப்படியோ ரயிலடி வந்து சேர்ந்தோம். நான் வழக்கம்போலக் குரலைத் தாழ்த்தி, கடிகாரத்தைக் காட்டி, அன்றிலிருந்து இன்றுவரை என்று சொல்லி முடித்தேன். எல்லோரும் தொப்பியைக் கழற்றினார்கள். ஒருவர் மட்டும் கழற்றவில்லை.

"அது தப்பும்மா," என்றார். லெயார்கோ என்று பெயர், எண்பத்திரண்டு வயது, ரயில்வேயில் மின்சாரப் பிரிவில் வேலை பார்த்தவர்.

"எது தப்பு ஐயா?"

"அன்னிக்கு நின்னது வாஸ்தவம். ஆனா கொஞ்ச நாள்லயே ஓட விட்டுட்டோம். தொண்ணூத்தாறு வரைக்கும் ஓடிச்சு. அப்புறம் ரிப்பேர் ஆச்சு. அப்பத்தான், இனிமே ஓட்ட வேணாம், பத்து இருபத்தஞ்சுலயே நிக்கட்டும்னு விட்டாங்க."

அவ்வளவுதான், மற்ற பத்தொன்பது பேரும் அவர்மேல் பாய்ந்தார்கள். நெரீனா என்கிற அம்மாள் கைப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"என்ன லெயார்கோ, காலைலயே ஊத்திக்கிட்டு வந்துட்டியா? முப்பது வருஷம் இந்தச் சதுக்கத்துல பஸ் ஏறினவ நான். ஒரு நாள், ஒரே ஒரு நாள் அது ஓடி நான் பாக்கல."

"தினமும் லேட்டா போறவளுக்கு மணி எதுக்கு? நீ எங்க நிமிந்து பாத்த?"

"எங்க வீட்டுக்காரரும் ரயில்வேதான், தெரியுமில்ல? அவரும் நின்னுபோச்சுன்னுதான் சொன்னாரு!"

"உங்க வீட்டுக்காரர் டிக்கெட் கிழிச்சாரு. நான் அந்தக் கடிகாரத்துக்குப் பதினாறு வருஷம் வைத்தியம் பாத்தேன். யார் பேச்ச நம்பறதுன்னு நீயே சொல்லு."

நான் நடுவில் புகுந்து, வயதானவரிடம் பேசுகிற மெத்தென்ற குரலில், ஞாபகம் கொஞ்சம் பிசகியிருக்கும் ஐயா என்றேன். அவர் கோபப்படவில்லை. என் கைபேசி எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அன்று சாயங்காலமே ஒரு படம் வந்தது. 1990 ஜூன், உலகக் கோப்பைப் பந்தாட்டம் நடந்த சமயம். சதுக்கத்தில் கொடி பிடித்துக்கொண்டு பையன்கள் கத்துகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் சுவரில் கடிகாரம். மணி ஆறு பத்து.

படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். மறுநாள் நூலகத்தில் பழைய பத்திரிகைகளைப் புரட்டினேன். லெயார்கோ சொன்னது அத்தனையும் உண்மை. ஊர் முழுக்கத் தினமும் நடந்து போய், அந்தக் கடிகாரத்தைப் பார்த்து ரயில் பிடித்து, பிறகு அது ஓடியதே இல்லை என்று சத்தியம் செய்துகொண்டிருக்கிறது. நாங்கள் பொய்யர்கள் இல்லை. அது ஓடியிருக்கக் கூடாது என்று நினைத்தோம், அப்படியே ஞாபகமும் வைத்துக்கொண்டோம்.

நூலக மேசை முன்னால் உட்கார்ந்திருக்கும்போதுதான் அப்பா சொன்ன கதை எனக்கு ஞாபகம் வந்தது. 1991இல் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா நிமிர்ந்து பார்த்தபோது பத்து இருபத்தைந்து என்றால் மணி உண்மையிலேயே பத்து இருபத்தைந்து. ஓடுகிற கடிகாரம் யாரையும் ஏமாற்றாது. அப்படியானால் காபி பொய். அப்பா சதுக்கத்துக்கு வந்ததே பொய். பதினெட்டு வருடமாக என் காதில் பூச்சுற்றியிருக்கிறார்.

அப்படியானால் நான் பார்த்த அசையாத முள்? அந்தக் கேள்வியும் வந்தது. ஐந்து வயதுக் குழந்தைக்கு முள் ஓடுகிறதா நிற்கிறதா என்று என்ன தெரியும் என்று அதை ஒதுக்கிவிட்டேன். எனக்குத் திட்ட ஓர் ஆள் வேண்டியிருந்தது, அது நானாக இருக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பா வீட்டில் சாப்பாடு. ரயில் பாதைக்குப் பின்னால் இரண்டறை வீடு, தனியாக இருக்கிறார். சூப் கொதித்துக்கொண்டிருந்தது, இறைச்சிப் பூரணம் வைத்த தொர்த்தெல்லினிக் கொழுக்கட்டைகளைத் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நான் கைபேசியை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இது என்னன்னு பாருங்க."

மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"பழைய படம்," என்றார்.

"தொண்ணூறு. அம்மா போறதுக்கு முந்தின வருஷம். கடிகாரம் ஓடுது. செத்த கடிகாரத்தப் பாத்து ஏமாந்தேன்னு சொன்னீங்களே, எந்தக் கடிகாரம் அது?"

அவர் மீதித் தொர்த்தெல்லினியை மொத்தமாகச் சட்டியில் கொட்டினார். அப்படிச் செய்கிற ஆள் இல்லை அவர்.

"சரி," என்றார். "நான் வரல."

"ஏன்?"

"பயமா இருந்துச்சு. ஆஸ்பத்திரி, பெட்டி, வழியனுப்பறது... எனக்கு ஆகல. வேலைலயே இருந்துட்டேன். வேற ஒண்ணும் இல்ல. விடு."

"விடவா? அவங்க அங்க நின்னு உங்களத் தேடியிருப்பாங்களே! ஒரு அஞ்சு நிமிஷம் வந்து மூஞ்சியக் காட்ட முடியலயா? நீங்க கோழைப்பா. தாத்தா உங்கள வாசல்ல நிறுத்தினது சரிதான்."

"சரிதான்," என்றார் அப்பா. அடுப்பை அணைத்தார். நான் சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

அதன் பிறகு ஆறு மாதம் அப்பா வீட்டுப் பக்கமே நான் போகவில்லை. அவர் தொலைபேசியில் கூப்பிட்டபோது எடுக்கவில்லை. ஒருநாள் வீட்டுக் கதவுப் பிடியில் ஒரு பை தொங்கியது. உள்ளே ஒரு புட்டி இறைச்சிக் குழம்பு, மூடியில் அவர் கையெழுத்தில் தேதி. அதை எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். வருகிற குழுக்களிடம் கடிகாரத்தைப் பற்றிய உண்மையை இப்போது உரக்கச் சொன்னேன். உள்ளூர்க்காரர்கள் சண்டைக்கு வந்தால் படத்தை மூக்குக்கு நேரே நீட்டினேன். அதில் ஒரு குரூரமான சந்தோஷம் இருந்தது. ஒத்துக்கொள்கிறேன்.

நவம்பர் இரண்டு, இறந்தவர்கள் தினம். செர்த்தோசா கல்லறைத் தோட்டத்துக்கு ஊரே சாமந்தியோடு வரும். மற்ற நாட்களில் அங்கேயும் நான் ஆட்களைக் கூட்டிப்போவதுண்டு, சலவைக்கல் சிலைகளைக் காட்ட. அன்றைக்கு அம்மாவுக்காகப் போனேன். அம்மாவின் கல்லறையில் வெள்ளைச் சாமந்தி ஏற்கெனவே வைத்திருந்தது, கல்லும் துடைத்திருந்தது. பக்கத்தில் தில்வா சித்தி தண்ணீர்க் குவளையோடு நின்றிருந்தாள். எழுபது வயது, முட்டி வீங்கியிருந்தது.

"அத்தான் எட்டு மணிக்கே வந்துட்டுப் போயிட்டாராம்," என்றாள். "உன் கண்ணுல பட்டா நீ சங்கடப்படுவியாம். போன்கூட எடுக்கறதில்லையாமே நீ?"

"அவர் பேச்ச எடுக்காதீங்க சித்தி. கடிகாரம், காபி, எல்லாம் பச்சப் பொய். அம்மாவ வழியனுப்பக்கூட வராத கோழை. அவரே ஒத்துக்கிட்டாரு."

"கோழைன்னா சொன்ன? அவர் மூஞ்சிக்கு நேராவா?"

"ஆமா, சொன்னேன்."

சித்தி குவளையைக் கீழே வைத்தாள். பக்கத்துக் கல்லறையின் விளிம்பில், அது யாருடையது என்றுகூடப் பார்க்காமல், உட்கார்ந்தாள்.

"இனிமே என்னால முடியாது," என்றாள். அம்மாவின் படத்தைப் பார்த்து, "நீ கோவிச்சுக்கிட்டாலும் சரி," என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "அன்னிக்கு நீ ஸ்டேஷனுக்கே வரல மொரேனா."

"வந்தேன். அம்மா கையப் புடிச்சிக்கிட்டு நின்னேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"வரல. நானும் உங்கம்மாவும் மட்டுந்தான். காலைல உன்ன அப்பாகூட மியூசியத்துக்கு அனுப்பி வெச்சோம். பத்து மணிக்கு அவர் உன்னக் கூட்டிக்கிட்டு நேரா சதுக்கத்துக்கு வரணும். பத்து மணிக்கு உன்னக் காணோம்."

"காணோம்னா?"

"ஒளிஞ்சிக்கிட்ட."

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். சித்தி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"கேளு. நாங்க கடிகாரத்துக்குக் கீழ நிக்கறோம். உங்கம்மா பெட்டி மேல உக்காந்திருக்கா. பத்தேகால் ஆச்சு. பத்து இருபத்தஞ்சு ஆச்சு. ஒவ்வொரு பஸ்ஸா வருது, நீங்க இறங்கல. பூத்துல காசப் போட்டு மியூசியத்துக்குப் போன் பண்ணேன். கூட வேலை பாக்கறவன் எடுத்தான். குழந்தையக் காணோம், கதவெல்லாம் சாத்திட்டோம், வெளிய போகல, எர்மெஸ் மாடி மாடியா கூப்பிட்டுக்கிட்டுத் தேடறான்னான். உங்கம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு பயந்துக்கிட்டே வந்து சொன்னேன். அவ சிரிக்கறா! 'நேத்தே சொன்னா கழுத, என்னக் காணோம்னா நீ போக மாட்டேல்லம்மான்னு. திரும்பி வந்து ரெண்டு வெக்கறேன்'னா. பத்து நாப்பத்தெட்டுக்கு வண்டி. ஏறிட்டா. ஜன்னல்ல தலைய நீட்டிக்கிட்டு, வண்டி வளையற வரைக்கும் பிளாட்பாரத்து வாசலையே பாத்துக்கிட்டு வந்தா."

"நான் எங்க இருந்தேன்?"

"திமிங்கல எலும்புக்குப் பின்னாடி ஏதோ அலமாரியாம். உள்ள தூங்கிட்டிருந்தியாம். பதினொண்ணரைக்குக் கண்டுபிடிச்சாரு."

சாமந்தி விற்கிறவன் வாசலில் கத்துவது கேட்டது. சித்தி முட்டியைத் தடவிக்கொண்டே பேசினாள்.

"மறுநாள் சேதி கேட்டு மிலானுக்கு ஓடி வந்தாரு. ஆஸ்பத்திரி வராந்தாவுல என் ரெண்டு கையையும் புடிச்சிக்கிட்டாரு. 'தில்வா, குழந்தை ஒளிஞ்சது யாருக்கும் தெரிய வேணாம். நம்மாலதான் அம்மா நம்ம மொகத்தப் பாக்காமப் போனான்னு அது ஒரு நாள்கூட நினைக்கக் கூடாது. நான் வரலன்னு சொல்லிரு. என் மேல போடு.' போட்டேன். அடக்கத்தன்னிக்கு, இதே இடத்துல, எங்கப்பா அவர் மூஞ்சில துப்பினாரு. தொடச்சிக்கிட்டு நின்னாரு. நான் பாத்துக்கிட்டு நின்னேன், வாயத் தொறக்கல. எனக்கு அது இன்னும் அறுக்குது."

நான் அந்த அலமாரியைத் தேடினேன். மனசுக்குள் துழாவித் துழாவித் தேடினேன். இருட்டு, மரவாசனை, அப்பா என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற குரல், ஏதாவது ஒன்று வராதா என்று பார்த்தேன். ஒன்றும் இல்லை. வந்தது பழையதேதான்: சதுக்கம், அம்மாவின் கை, அசையாத முள். அத்தனை துல்லியமாக வந்தது, அந்தக் கையின் சூடுகூட. நடக்காத ஒன்று. அப்பாவின் பொய்யை நம்பி, அதற்குள் என்னையும் அம்மாவையும் நிறுத்தி, ஊர்க்காரர்கள் எல்லோரையும் போல மேலே ஒரு செத்த கடிகாரத்தையும் மாட்டிவிட்டிருக்கிறேன். நான் அம்மாவின் கையைப் பிடித்ததே இல்லை. அன்று பிடிக்கவில்லை, அதற்கு முன் பிடித்தது ஞாபகமில்லை. அத்தனை கூட்டத்தில், குழந்தை மாதிரி வாய்விட்டு அழுதேன். சித்தி எழுந்து வந்து என் தலையைத் தன் கோட்டோடு அழுத்திக்கொண்டாள்.

அங்கிருந்து நேராக அப்பா வீட்டுக்குப் போனேன். பேருந்தில் வழி முழுக்க ஒத்திகை பார்த்தேன். அப்பா, எனக்குத் தெரிந்துவிட்டது, என்னை மன்னித்துவிடுங்கள். இரண்டே வாக்கியம். அதைச் சொல்லி அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டால் போதும் என்றிருந்தது.

கதவைத் திறந்தார். ஆறு மாதத்தில் சட்டைக் கழுத்து தொளதொளத்துவிட்டது. சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். முதலில் என் வீங்கிய கண்ணைப் பார்த்தார், பிறகு காலணியில் ஒட்டியிருந்த கல்லறைத் தோட்டத்துச் சரளை மண்ணைப் பார்த்தார். அவர் முகத்தில் பயம்தான் வந்தது.

"தில்வாவப் பாத்தியா?"

"பாத்தேன்."

"என்ன சொன்னா?"

நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைத் திட்டுகிற மனிதராக, நான் திட்டிய மனிதராக எத்தனையோ முறை அவரைப் பார்த்திருக்கிறேன். இப்படிக் கெஞ்சுகிற கண்ணோடு பார்த்ததில்லை. அப்போது எனக்குப் புரிந்தது. இந்த மனிதர் முப்பத்து மூன்று வருடமாக ஒரே ஒரு விஷயத்தைக் காப்பாற்றி வந்திருக்கிறார். அதற்காகத் துப்பலைத் துடைத்துக்கொண்டார், வாசலில் நின்றார், மகள் வாயால் கோழை என்று கேட்டார். நான் இப்போது எனக்குத் தெரியும் என்று சொன்னால் என் பாரம் இறங்கும். அவர் பட்டதெல்லாம் வீணாகிவிடும்.

"என்ன சொல்லுவாங்க?" என்றேன். "முட்டி வலி, மருமக சண்டை. எப்பவும் சொல்றதுதான்."

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்பா, அந்தப் படம் இருக்கில்ல, அது நம்ம ஸ்டேஷனே இல்ல. அந்தக் கிழவர் வேற எங்கயோ எடுத்தது. விசாரிச்சிட்டேன். நம்ம கடிகாரம் அன்னிலருந்து நின்னுதான் இருந்துச்சு."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. இந்தக் கண்ணோடுதான் பன்னிரண்டு வருடம் பொய் என்று தெரியாமல் ஊருக்குச் சொன்னேன். தெரிந்து சொல்வது இதுதான் முதல் தடவை.

"நான்தான் அப்பவே சொன்னேனே," என்றார் மெதுவாக.

"சொன்னீங்க. அப்புறம் எதுக்கு வரவே இல்லன்னு ஒத்துக்கிட்டீங்க?"

"நீ போட்ட சத்தத்துக்கு, கொலை பண்ணேன்னுகூட ஒத்துக்கிட்டிருப்பேன்."

சிரிக்கப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தார். எதற்குக் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. நான் திட்டவில்லையென்றால் அவருக்குச் சந்தேகம் தீராது. அழுகையை விழுங்கிக்கொண்டு குரலை உயர்த்தினேன்.

"சிரிக்காதீங்க! பொண்டாட்டி ஆபரேஷனுக்குப் போறா, உங்களுக்குக் காபி கேக்குதா? இந்த ஊர்ல பொறந்துட்டு அந்தக் கடிகாரத்தப் பாத்து மணி சொல்ற ஆள் நீங்க ஒருத்தர்தான். அம்மா கடைசி வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டுப் போனாங்க. உங்களாலதான்!"

அப்பாவின் தோள்கள் தளர்ந்தன. பல மாதங்களாகப் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டார்.

"ஆமாம்மா," என்றார். "என்னாலதான். வேற யாராலயும் இல்ல."

அவருக்கு எழுபத்தைந்து வயதாகிறது. இன்னும் எத்தனை வருடம் இருப்பாரோ, அத்தனை வருடமும் நான் அவரைத் திட்டிக்கொண்டிருக்க வேண்டும்.